வாசலில் வைத்த பக்கெட்

ஜூன் 11, 2024, செவ்வாய்

இன்றும் அந்த வெள்ளைக் கார் வாசலை அடைத்து நிற்கிறது. கேட்டுக்கும் காருக்கும் நடுவே ஒரு ஜாண் இடம்.

ஏழரைக்குக் கிருபாவுக்கு டயாலிசிஸ். ஷ்யாம்சுந்தர் வீட்டு பெல்லை ஆறு தடவை அடித்தேன். மேலே பால்கனியில் வந்து நின்று, டூ மினிட்ஸ் அங்கிள் என்றான். இருபது நிமிடம் ஆயிற்று. அதற்குள் இவள் பக்கவாட்டில் நுழைந்து, ஊசி குத்துகிற இடது கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, காரில் உரசி உரசி வெளியே வந்துவிட்டாள். அந்தக் கையில் அடிபட்டால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியுமா? அது வழியாகத்தான் அவள் ரத்தம் போய்ச் சுத்தமாகித் திரும்புகிறது. வாரத்துக்கு மூன்று நாள்.

மூன்று மாடி கட்டினானே, கார் நிறுத்த இடம் விட்டானா? கீழ்த்தளத்தில் இரண்டு கடை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறான். அவன் கார் என் வாசலில் நிற்கிறது. முப்பத்தோரு வருஷம் தாம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்தவன் நான். வரிசையில் நுழைகிறவனை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இவன் அந்த ஜாதி.

ஜூன் 13, வியாழன்

கார் இல்லை. அதற்குப் பதில் எதிர்வீட்டு சாவித்ரியம்மா வீட்டு பைக்குகள் இரண்டு. சபாஷ்.

ஜூன் 22, சனி

கூடுவாஞ்சேரியிலிருந்து ஆஷா வந்தாள். அவள் ஃபிளாட்டில் லிஃப்ட் இருக்கிறதாம், சறுக்குப் பாதை இருக்கிறதாம், டயாலிசிஸ் சென்டர் அங்கேயும் திறந்துவிட்டார்களாம். "அம்மாவ எதுக்குப்பா இந்தச் சந்துல போட்டு வதைக்கிறீங்க?" என்று கேட்டாள், பெற்ற பெண்.

சொன்னேன். ஸ்டேஷன் எட்டு நிமிடம். மார்க்கெட் ஐந்து நிமிடம். சர்ச் மணி அடித்த பிறகு கிளம்பினாலும் முதல் பாட்டுக்குப் போய்விடலாம். கூடுவாஞ்சேரியில் ஒரு கொத்தமல்லிக் கட்டு வாங்கவே வண்டி எடுக்க வேண்டும். அது ஊரா?

அவள் போன பிறகு கிருபா, "கொஞ்ச நாள் போய் இருந்துட்டு வரலாமேங்க" என்றாள். நான் பேப்பரைப் பிரித்துக்கொண்டேன்.

ஜூலை 7, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து வேலையை ஆரம்பித்தேன். இருபது லிட்டர் பெயிண்ட் பக்கெட் ஒன்று மொட்டைமாடியில் சும்மா கிடந்தது. நடுவில் ஒரு இரும்புக் குழாயை நிற்க வைத்து, மணல், ஜல்லி, சிமெண்ட் குழைத்து ஊற்றினேன். காய்ந்தால் இரண்டு ஆள் சேர்ந்தாலும் தூக்க முடியாது. குழாயின் உச்சியில் கட்டக் கிருபா தன் பழைய சிவப்புச் சேலையிலிருந்து ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தாள்.

ஓய்வு நாளில் சிமெண்ட் குழைப்பதைப் பார்த்துச் சிரித்தாள். "அப்படியே பரலோகத்துலயும் எனக்கு முன்னாடியே ஒரு பக்கெட் வெச்சிடுங்க. அங்கயும் யாராவது அடைச்சிக்கினு நிக்கப் போறாங்க."

ஆட்டோக்காரர் அப்பாதுரை பேசுவதைக் கேட்டுக் கேட்டு இவளுக்கும் அந்த பாஷை ஒட்டிக்கொண்டது.

ஜூலை 9, செவ்வாய்

வாசல் காலி! அப்பாதுரை ஆட்டோவைக் கேட்டை ஒட்டி நிறுத்தினார். கிருபா நேராக நடந்துபோய் ஏறினாள். ராணி மாதிரி. வெள்ளைக் கார் தெருமுனையில் வெயிலில் காய்கிறது. காயட்டும்.

ஜூலை 27, சனி

சாவித்ரியம்மா வந்து, தங்கள் வாசலுக்கும் ஒன்று செய்துதர முடியுமா என்று கேட்டார். அவர் வீட்டுக்காரர் கிட்டுவுக்குச் சுத்தியல் பிடிக்கக்கூடத் தெரியாதாம். நானே குழைத்துக் கொடுத்தேன். பிறகு பிளஸ்ஸி டீச்சர் கேட்டார். சாயங்காலம் யார் வந்தது தெரியுமா? ஷ்யாம்சுந்தர். தெருவில் நுழைந்தால் இடப்பக்கம் மூன்றாவது வீடு அவனுடையது. என்னைப் பார்த்து அவனும் தன் வாசலில் வைத்த பக்கெட்டை யாரோ உருட்டித் தள்ளிவிட்டார்களாம். கிரில்லோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள் தம்பி என்று சொல்லி அனுப்பினேன்.

கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலம் முழுக்க ஒருத்தனாவது என்னிடம் யோசனை கேட்டிருப்பானா? மனசுக்குள் ஒரு சின்ன கர்வம். எழுதுவதற்கு என்ன வெட்கம், இருந்தது.

செப்டம்பர் 1, ஞாயிறு

மார்க்கெட்டிலிருந்து வரும்போது எண்ணினேன். எங்கள் தெருவில் பதினேழு பக்கெட். இரண்டு பக்கமும். சிலர் குழாய்க்குப் பதில் கொடிக்கம்பு நட்டிருக்கிறார்கள். கார் இல்லாதவன்கூட வைத்திருக்கிறான். கேட்டால், நாளைக்கு வாங்கலாமே சார் என்கிறான்.

அப்பாதுரை ஆட்டோவை வளைத்து வளைத்துக் கொண்டுவந்து நிறுத்தி அலுத்துக்கொண்டார். "இன்னா சார், தெரு பூரா பக்கெட்டா கீது. என் வண்டியே இந்தப் பாடு படுது. நாளைக்கி ஒரு பெரிய வண்டி வரணும்னா எப்டி வரும்?"

பெரிய வண்டிக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டேன்.

அக்டோபர் 12, சனி

டயாலிசிஸ் முடிந்து வந்து படுத்தவள் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. கால் வீங்கியிருக்கிறது. ஆஷா போனில் அழுதாள். கிருபாவும் போகலாம் என்றுதான் சொல்கிறாள். கிறிஸ்துமஸ் கழியட்டும், ஜனவரியில் பார்ப்போம் என்றேன்.

எனக்கு என்னதான் வேண்டும்? தெரியவில்லை. ஆறு வருஷம் சண்டை போட்டு வாங்கின வாசல். விட்டுவிட்டு எப்படிப் போவது?

நவம்பர் 4, திங்கள்

கிருபா போய்விட்டாள். காலை எட்டு ஐந்து.

நவம்பர் 7, வியாழன்

எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கே வேறு மாதிரி சொல்லிக்கொள்வேன்.

தீபாவளி லீவு முடிந்து ஊரே திரும்பிக்கொண்டிருந்த காலை. ஆறரைக்கு எழுந்து உட்கார்ந்து, மூச்சு முட்டுதுங்க என்றாள். சனிக்கிழமைக்குப் பிறகு செவ்வாய் வரை இடைவெளி. உடம்பில் நீர் ஏறிவிட்டது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். பெருங்களத்தூரில் வண்டிகள் எறும்பு மாதிரி ஊர்கிற நாளில், பன்னிரண்டே நிமிடத்தில் வந்துவிட்டார்கள். சைரன் கேட்டது. கிருபாவுக்கும் கேட்டது. என் கையைத் தட்டி, வந்துட்டாங்க என்று சைகை காட்டினாள்.

சைரன் தெருமுனையிலேயே நின்றுவிட்டது.

ஓடினேன். எங்கள் வீடு பதினாலாவது. வண்டி மூன்றாவது வீட்டில் நிற்கிறது. வலப்பக்கம் ஒரு கார், இடப்பக்கம் ஷ்யாம்சுந்தரின் பக்கெட். சங்கிலி. பூட்டு. அவன் குடும்பத்தோடு ஊருக்குப் போய் இன்னும் திரும்பவில்லை. டிரைவர் சங்கிலியைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார், "எந்த அறிவு கெட்டவன் சார் இதச் செஞ்சது?"

ஸ்ட்ரெச்சரை இறக்குங்க சார் என்றேன்.

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடினோம். பைக், பக்கெட், கார், பக்கெட். ஒவ்வொன்றுக்கும் நிறுத்தித் தூக்க வேண்டியிருந்தது. பாதியில் அதை விட்டுவிட்டு ஆக்ஸிஜன் சிலிண்டரை மட்டும் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் கிருபாவை உட்கார வைத்து நாலு பேர் தூக்கினோம். அப்பாதுரை ஒரு கால், நான் ஒரு கால். சாவித்ரியம்மா முன்னாலே ஓடி ஓடித் தன்னால் முடிந்ததை நகர்த்தினார். பதினோரு வீடு தாண்ட எத்தனை நேரம் ஆயிற்றோ. அவள் தலை என் தோளில் சாய்ந்தது. வண்டியில் ஏற்றின பிறகு ஆம்புலன்ஸில் வந்த பையன் நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்தான். ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருக்கலாமே சார் என்று.

செவ்வாய்க்கிழமை அடக்கம். சவ வண்டி தெருவுக்குள் வர வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான். கார்கள் போயின, பைக்குகள் போயின. பதினேழு பக்கெட்டும் போயிற்று. அன்று விடியற்காலை ஊரிலிருந்து வந்த ஷ்யாம்சுந்தர் தன் கையால் பூட்டைத் திறந்தான். பத்து நிமிடம். சவ வண்டி வழுக்கிக்கொண்டு வந்து என் வாசலில் நின்றது. இவ்வளவு பெரிய தெருவா இது!

ஏன்டா, உசிரோட இருந்தவளுக்கு இந்தப் பத்து நிமிஷம் கிடைக்கலையாடா? செத்தவளுக்குத்தான் வழி விடுவீங்களா? சர்ச் ஐயர் ஜெபம் பண்ணும்போது எனக்கு இதுதான் வாயில் வந்தது. ஆனால் யாரைக் கேட்பது? மணல் இரண்டு, சிமெண்ட் ஒன்று என்று குழைத்தது நான். சங்கிலி போடச் சொன்னதும் நான். கூடுவாஞ்சேரிக்கு வர மாட்டேன் என்றதும் நான். பாவி நான்.

நவம்பர் 24, ஞாயிறு

பக்கெட்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. இன்று எட்டு.

என்னுடையதை உடைக்கச் சம்மட்டி வாங்கினேன். அரை மணி நேரம் அடித்தும் பிளாஸ்டிக்தான் கிழிந்தது. உள்ளே கல்லாக நிற்கிறது. நல்ல கலவை. அப்பாதுரை இன்னொரு ஆளோடு வந்து, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். குப்பைத் தொட்டி பக்கத்தில் போட்டுவிட்டதாகச் சொன்னார்.

டிசம்பர் 22, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகும் வழியில், அடுத்த தெருவில் ஒரு வீட்டு வாசலில் அதைப் பார்த்தேன். பிளாஸ்டிக் உரிந்த சிமெண்ட் உருளை, நடுவே குழாய். கிருபாவின் சிவப்புச் சேலைத் துண்டு அப்படியே இருந்தது. அவிழ்த்துக்கொண்டு வரலாம் என்று கை வைத்தேன். உள்ளேயிருந்து ஒரு அம்மாள், "சார், அத எடுக்காதீங்க, எங்க இடம்" என்றாள்.

முதல் பாட்டுக்குப் போய்ச் சேரவில்லை.

டிசம்பர் 27, வெள்ளி

கிறிஸ்துமஸ் கழிந்தது. ஜனவரியில் வந்துவிடுகிறீர்களா என்று ஆஷா கேட்டாள். லிஃப்ட் எனக்கு எதற்கு?

ஜனவரி 7, 2025, செவ்வாய்

காலை ஏழு மணிக்குப் பெல் அடித்தது. பழக்கத்தில் கிருபாவின் ஆஸ்பத்திரிப் பையையும் ஃபைலையும் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டேன். ஷ்யாம்சுந்தர் நின்றான். பின்னால் தெருவில் அந்த வெள்ளைக் கார், இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"அங்கிள், உங்க வாசல் காலியாத்தானே இருக்கு. வண்டிய இங்க விட்டுக்கட்டுமா?"

ஆறு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டுவிட்டு நிறுத்துகிறான். கையிலிருந்த பையைப் பார்த்தான், பார்வையை மாற்றிக்கொண்டான்.

நிறுத்திக்கோங்க தம்பி என்றேன். கேட்டை நன்றாக ஒட்டியே விடச் சொன்னேன். யாரும் வெளியே வர வேண்டியதில்லை.