கடைசி வண்டியின் கொடி

வெள்ளிக்கிழமை காலை

அன்புள்ள தம்பிக்கு அண்ணி எழுதுவது.

இதைக் கொண்டுவந்து கொடுப்பவர் சிமெண்ட் லாரி ஓட்டுகிறவர். அந்த ஊர் டயர் கடையில் உன்னைப் பார்த்ததாக அவர்தான் சொன்னார். "தாடி விட்டிருக்கான். தாடி விட்டா நடை மாறிடுமா?" என்றார். வேறு யாரிடமும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் போன் பத்தொன்பது நாளாக அணைந்தே கிடக்கிறது. அதனால்தான் தாளும் பேனாவும். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, படுக்க இடம் இருக்கிறதா, இரண்டையும் அவரிடம் சொல்லி அனுப்பு.

உன் அண்ணனுக்கு இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் விரிசல் விட்டிருக்கிறது. இடது காலில் முழங்காலுக்குக் கீழே பிளேட் வைத்திருக்கிறார்கள். நடப்பார் என்று டாக்டர் சொல்கிறார். ஜீப் ஓட்டுவாரா என்று கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். ஆண்கள் வார்டு, இரண்டாம் மாடி, கதவிலிருந்து நான்காவது கட்டில். நீ அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசல்வரை வந்து, "உயிர் இருக்கா?" என்று காவலாளியிடம் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனாயாம். காவலாளி மறுநாள் சொன்னார். அன்றைக்கே மாடி ஏறியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது.

தூக்கத்தில் அவருடைய வலது கால் மிதித்துக்கொண்டே இருக்கிறது. "ஐயா, படுத்துக்கிட்டே பிரேக் போடுறீங்க, இடுப்பு எப்படிக் கூடும்?" என்று நர்ஸ் சத்தம் போட்டாள். ஜீப் ஸ்டாண்டில் அவருக்கு 'பிரேக்' என்றுதான் பெயர் என்று அவளுக்குத் தெரியாது. "பிரேக்கண்ணன் வண்டியில ஏறினா, போய்ச் சேர்றதுக்குள்ள ஏரியே வத்திப் போயிடும்" என்று நீதானே எல்லாரையும் சிரிக்க வைப்பாய்? நர்ஸ் சொன்னபோது எனக்கு அது ஞாபகம் வந்து சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சிரிப்பு வேறு ஏதோவாகி, வராந்தாவுக்கு எழுந்து போய்விட்டேன்.

பாப்பாவைப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் விட்டிருக்கிறேன். சித்தப்பா வெளியூர் சவாரி போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். "எத்தனை நாள் சவாரி?" என்று கேட்கிறாள். அவளுக்கு இப்போது எண்ணத் தெரியும் தம்பி.

செவ்வாய்க்கிழமை விசாரணை அதிகாரி கீழ் கேட்டுக்கு வந்தார். வெளியூர்க்காரர், நம் மலைப்பாதையைப் பார்த்ததே இல்லை. ஒன்றுமே தெரியாதவனுக்குச் சொல்வதுபோல முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். அடிவாரத்திலிருந்து ஏரிக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர். நடுவே நாலு கிலோமீட்டர் பாறையைக் குடைந்து போட்ட வழி, அதைக் கழுத்து என்போம். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் ஒன்றுமே இல்லை. ஒரு வண்டி உள்ளே போய்விட்டால் எதிரே ஓர் ஆடுகூட ஒதுங்க முடியாது. போனும் எடுக்காது. கழுத்தின் இரண்டு முனையிலும் தடுப்புக் கம்பு உண்டு. கீழ் கேட்டில் நான், மேல் கேட்டில் கலெக்டர். அதிகாரி சட்டென்று நிமிர்ந்தார். "கேட் காவலாளிதான் சார், கால்மேல கால் போட்டு உட்கார்ந்து உத்தரவு போடுவார், அதனால அந்தப் பேரு" என்றேன். அவர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார்.

ஐந்து ஐந்து வண்டியாக மேலே விடுவோம், ஐந்தாவது வண்டியிடம் சிவப்புக் கொடியைக் கொடுப்பேன். கொடி மேலே போய்ச் சேர்ந்தால் கழுத்து காலி என்று பொருள். கலெக்டர் அதை வாங்கி மணல் டின்னில் குத்தி வைத்துவிட்டு, கம்பைத் தூக்கி, இறங்குகிற வண்டிகளை விடுவார். அவற்றில் கடைசி வண்டி கொடியைத் திரும்ப என்னிடம் கொண்டுவரும். ஒரே கொடி, இருபது வருட வழக்கம். இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அவர் கேட்டார். "கொடி மேல போனதுக்கு அப்புறம்தான் கம்பைத் தூக்குவாங்கன்னா, கீழ இருந்து போன வண்டி ஒண்ணு எப்படிம்மா வழியில நின்னுச்சு?"

தெரியாது சார் என்றேன். பொய் சொன்னேன்.

விபத்தன்று மாலை நீ என் கேட்டுக்கு வந்து ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாய். "ரேடியேட்டர் கொதிச்சுது அண்ணி, கொடியை சோடாபுட்டிகிட்ட குடுத்தனுப்பிட்டேன்." அதற்கு மேல் சொல்லவே வேண்டாம், எனக்கே தெரியும். வண்டி நின்றுபோனால் மேலே இருப்பவர்களைக் காக்க வைக்கவேண்டாம் என்று கொடியை முன் வண்டியில் கொடுத்துவிடுவது நீங்கள் எல்லாருமே செய்கிற காரியம். கொண்டுபோகிறவன், "பின்னால ஒண்ணு நிக்குது" என்று கலெக்டரிடம் வாயால் சொல்லவேண்டும், அவ்வளவுதான். எத்தனை தடவை நாலாவது வண்டியில் கொடி வந்து இறங்கியிருக்கிறது! நானும் பார்த்துக்கொண்டு சும்மாதான் இருந்தேன். அன்றைக்கு உனக்கு முன் வண்டியை ஓட்டிய சோடாபுட்டி மேலே போய்ச் சேர்ந்தபோது கலெக்டர் ஒதுங்கப் போயிருந்தார். இவன் டின்னில் கொடியைக் குத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். கலெக்டர் திரும்பி வந்து கொடியைப் பார்த்தார், கம்பைத் தூக்கினார். முதலாவதாக நின்றது உன் அண்ணன் வண்டி.

அண்ணன் வண்டி கவிழ்ந்ததில் இறந்துபோன டீச்சரம்மாவின் கணவர் தினமும் வார்டுக்கு வருகிறார். மூட்டு வலி என்று அன்றைக்கு லாட்ஜிலேயே தங்கிவிட்டவர். முதல் நாள் கட்டிலருகே நின்று கேட்டார். "அவ ஏரியைப் பார்த்தாளா?" உன் அண்ணன் சொன்னார். "பார்த்தாங்க சார். தண்ணியில காலை வெச்சுட்டு ஐயோன்னு கத்தினாங்க. அடுத்த தடவை அவரைத் தூக்கிக்கிட்டாவது வரணும்னு சொன்னாங்க." அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு தினமும் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்.

அடுத்த வியாழக்கிழமை எல்லாரையும் உட்காரவைத்து விசாரிக்கப் போகிறார்கள். விபத்தைப் பற்றி உன் அண்ணன் இதுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. நீ வந்து நடந்ததைச் சொல்லிவிடு. இந்த லாரியிலேயே ஏறி வந்துவிடு தம்பி.

அன்புடன்,
அண்ணி


திங்கட்கிழமை மதியம்

அன்புள்ள தம்பிக்கு,

லாரிக்காரர் வந்துவிட்டார், நீ வரவில்லை. கடிதத்தை நின்ற இடத்திலேயே இரண்டு தடவை படித்தாய் என்றும், "அண்ணன் நடக்கிறாரா?" என்று மட்டும் கேட்டாய் என்றும் சொன்னார். நான் கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் இல்லை. அவராகவே பார்த்துச் சொன்னார், டயர் அடுக்குக்குப் பின்னால் பாய் விரித்துப் படுக்கிறாயாம்.

இங்கே மூன்று நாளில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. பொறுமையாகப் படி.

சனிக்கிழமை அதிகாரி வார்டுக்கு வந்து உன் அண்ணனின் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். கலெக்டர் ஒதுங்கப் போன நேரத்தில், கொடி வருவதற்கு முன்பாகவே, தானே கம்பைத் தூக்கிவிட்டு இறங்கியதாகச் சொன்னார். "அவசரப்பட்டுட்டேன் சார்" என்றார். அவர்! வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து, நடந்து போகிறவன் முந்திக்கொண்டு போகிற வேகத்தில் ஓட்டுகிற மனிதர்! கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அந்த ஒரு பொய்யில் எல்லாருக்கும் இடம் இருக்கிறது தம்பி. கொடியே வரவில்லை என்றால் நீ அனுப்பவில்லை, சோடாபுட்டி மறக்கவில்லை, கலெக்டரும், பின்னால் வண்டி உண்டா என்று கேட்காமல், கம்பைத் தூக்கவில்லை. பாதையை மூடவும் காரணம் இல்லை, நாற்பத்திரண்டு ஜீப்பும் ஓடும். அதனால்தான் ஸ்டாண்டே ஆப்பிளும் ஆரஞ்சுமாக வந்து போகிறது. முந்தாநாள் சோடாபுட்டியைப் பிடித்துக் கேட்டேன். முதல் வாரம், "மறந்துட்டேன் அண்ணி, என்னைச் செருப்பால அடிங்க" என்று என் முன்னால் அழுதவன், இப்போது, "நான் எந்தக் கொடியையும் தொடவே இல்லையே" என்கிறான். அந்தத் தடித்த கண்ணாடிக்குப் பின்னால் கண் என்னைப் பார்க்கவில்லை.

அதிகாரி போன பிறகு உன் அண்ணனிடம் சண்டை போட்டேன். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் குரலை உயர்த்தவே இல்லை. "என்னால இனிமே ஓட்ட முடியாது. அவனுக்கு இருபத்தாறு வயசு. ஓட்ட முடியாதவன் உள்ள போறதுதானே நியாயம்?" என்றார். இறந்தது ஓர் உயிர், இதில் என்ன நியாயம் என்றேன். அப்போதுதான் இன்னொன்றைச் சொன்னார். நீ அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வளைவு திரும்பியதும் எதிரே நிற்பது உன் வண்டி என்று அவருக்குத் தெரிந்துவிட்டதாம். நீ பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பள்ளத்துப் பக்கம் நின்றிருந்தாயாம். நேராகப் பிரேக்கை மிதித்தாலும் சரளைக்கல்லில் வண்டி சறுக்கிவந்து உன்னைத் தள்ளிவிடும். அதனால்தான் ஸ்டீரிங்கைச் சுவர் பக்கம் ஒடித்தார். வண்டி பாறையில் ஏறிக் கவிழ்ந்தது. "வேற யாராவது அங்க நின்னிருந்தா ஒடிச்சிருப்பேனான்னு எனக்கே தெரியலை. பின்னால அஞ்சு பேரை வெச்சுக்கிட்டு நான் தம்பியைப் பார்த்தேன்" என்றார். தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரை வைத்துக்கொண்டே இருந்தார். அவர் ஏன் பொய் சொல்கிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் கணக்கில் அது பொய்யே இல்லை.

டீச்சரம்மாவின் கணவர் ஞாயிற்றுக்கிழமை வந்தார், உட்காரவில்லை. விஷயம் அவர் காதுக்குப் போய்விட்டது. "உங்களை நிதானமான ஆளுன்னு நெனச்சேன்" என்றார். அவ்வளவுதான். ஸ்டூலை எடுத்துச் சுவரோரம் வைத்துவிட்டுப் போய்விட்டார். படியில் அவர் முட்டியைப் பிடித்துப் பிடித்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஓடிப்போய் உண்மையைச் சொல்லிவிடத் தோன்றியது. உன் முகம் வந்து குறுக்கே நின்றது. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது உனக்குப் பதினொரு வயது. அதற்கு மேல் எழுதினால் உன்னை மிரட்டுவதுபோல் ஆகிவிடும்.

இன்று காலை ஜீப் சங்கத் தலைவர் வந்தார். கையில் பழம் இல்லை, புது நோட்டு இருந்தது. எந்த வண்டி எத்தனை மணிக்குக் கழுத்துக்குள் போயிற்று, கொடியை யாரிடம் கொடுத்தேன் என்று நான் எழுதுகிற கேட் நோட்டு உனக்குத் தெரியும். அன்றைய பக்கத்தில், இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு நேரே, கொடி என்ற இடத்தில் உன் வண்டி எண் இருக்கிறது. அதை அப்படியே விட்டால், உன் கையில் வந்த கொடி மேல் கேட் டின்னுக்கு எப்படிப் போயிற்று என்று உன்னைத் தேடிப் பிடித்துக் கேட்பார்கள். அந்த மாதம் முழுவதையும் புது நோட்டில் மாற்றி எழுதவேண்டும், அந்த இடத்தில் 'கொடி அனுப்பவில்லை' என்று போடவேண்டும் என்றார் தலைவர். "உன் புருஷனே ஒத்துக்கிட்டாரு, உனக்கு என்னம்மா? நாப்பத்திரண்டு குடும்பம்" என்றார். உன் அண்ணனும் கண்ணை மூடிக்கொண்டு, "எழுதிக் குடுத்துடு" என்றார். எனக்கு என்ன என்று ஒருவர்கூட நின்று கேட்கவில்லை.

புது நோட்டு இதோ மடியில் இருக்கிறது. ஒரு வரிகூட எழுதவில்லை. பழைய நோட்டை எங்கே வைத்திருக்கிறேன் என்று உனக்கும் சொல்லமாட்டேன்.

கோர்ட் வாசலில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்துக் கேட்டேன். உன் அண்ணன் சொன்னது நின்றுவிட்டால் சில வருடம் உள்ளே இருக்கவேண்டியதுதான் என்றார். நடந்தது நடந்தபடி வந்தால் உனக்கும் சோடாபுட்டிக்கும் கலெக்டருக்கும் பங்கு உண்டு, லைசென்ஸ் போகும், தண்டனையும் வரலாம், ஆனால் ஒருவர் தலையிலேயே விழாது என்றார். உனக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லி உன்னை ஏமாற்றி வரவழைக்க மாட்டேன்.

விசாரணை வியாழக்கிழமை பத்தரை மணிக்கு. அங்கே விடிகாலை பஸ் ஏறினால் ஒன்பதேகாலுக்கு வந்துவிடலாம். ஸ்டாண்டுவரை வராதே, தலைவர் ஆள் போட்டிருப்பார். பெட்ரோல் பங்க் நிறுத்தத்தில் இறங்கு, நான் ஒன்பது மணியிலிருந்து அங்கே நிற்பேன். பணம் இல்லையென்றால் கண்டக்டரிடம் சொல், நான் கொடுத்துவிடுகிறேன்.

அன்றைக்கு நான் கொடியை யாரிடம் கொடுத்தேன் என்று கேட்பார்கள். இன்னொரு தடவை தெரியாது என்று சொல்ல என்னால் முடியாது தம்பி. நீ வந்து எனக்கு முன்னால் நின்றால், உன் பெயரை நீயே சொல்லிவிடுவாய். நான் சொல்லவேண்டி வராது. அதை மட்டும் என் வாயால் சொல்ல வைத்துவிடாதே.

நன்றாக இரு என்று எழுதித்தான் முடிக்கவேண்டும். அதைத் தாளில் எழுத மனம் வரவில்லை. நீ இறங்கி வா, உன் தலையில் கை வைத்துச் சொல்கிறேன்.

அண்ணி