கோட்டைக்குள் எரிந்த சிவப்பு விளக்கு

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நலம். உன் நலத்தையும் அந்தக் கடவுளிடமே விசாரித்துக்கொள்கிறேன், உன்னைக் கேட்டால் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்கிறாய்.

அப்பாவின் கண்புரை நன்றாக முற்றிவிட்டது, சந்தோஷம்தானே. மாதக் கடைசியில் ஆபரேஷன் என்கிறார் டாக்டர், "அவன் வந்து பக்கத்துல நின்னாத்தான் படுப்பேன்" என்கிறார் இவர், "பாக்கலாம்மா" என்கிறாய் நீ. அப்பனும் பிள்ளையும் பார்க்கிற அழகு! இதற்கிடையில் கண் முழுசாக மங்குவதற்குள் கடற்கரைக் கோட்டையைப் பார்த்தே தீரவேண்டும் என்று பிடிவாதம். போனோம். யாரும் குடியில்லாத அந்த இடத்துக்குத் தேசியச் சின்னம் என்று பலகை, கம்பிவேலி, காவலாளி, ஒரு கல் பெயர்ந்தால் ஓடிவர ஆள். கொடுத்துவைத்த சுவர்! தொடாதீர்கள் என்று எழுதியிருந்தது தெரியாமல் அப்பா பீரங்கியைத் தடவ, காவலாளி விசிலடித்தார். "இத்தனை வருஷம் உப்புக்காத்து தின்னு தீக்காததையா என் கை தின்னுடப் போகுது?" என்று இவர் கேட்டதும் காவலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் ஓர் இருட்டறை. மூலையில் மாடம் மாதிரி தெரிய, அப்பா என் கையைப் பிடித்து "உள்ள விளக்கு எரியுது பாரு, ஏதோ சாமி" என்றார். வியர்வையில் நானும் கண்ணாடியைக் கழற்றியிருந்தேன். சிவப்பாக ஒரு புள்ளி, எனக்கும் சாமியாகத்தான் தெரிந்தது. செருப்பைக் கழற்றி, கண்ணை மூடி, ஆபரேஷனுக்குள் என் பிள்ளையை அனுப்பி வை என்று வாய்விட்டே வேண்டினேன். என்னைப் பார்த்து இரண்டு பெண்கள் வேறு பின்னால் கைகூப்பி நின்றார்கள். காவலாளி வந்து "அம்மா, அது கேமரா. ஆபீஸ்ல எங்க சார் உங்களையேதான் பாத்துட்டு இருக்காரு" என்றார். போகட்டும், எங்களையும் உட்கார்ந்து பார்க்க ஒருத்தர் இருந்தாரே. வெளியே வரும்போது அந்த சார் எழுந்து வந்து, "வேண்டுதல மேலிடத்துக்கு அனுப்பட்டுமாம்மா?" என்றார். அனுப்புங்கள், என் மகனைவிடச் சீக்கிரம் பதில் போடுவார்கள் என்றேன். அன்றைய செலவைச் சுற்றுலாவில் எழுதுவதா பக்தியில் எழுதுவதா என்பதுதான் இன்னும் தீரவில்லை.

சிரித்தாயா? அப்பாவும் சிரித்தார். பஸ்ஸில் பாதி வழி வந்தபிறகு மெதுவாக, "அந்தக் கேமராவுல தெரியறது அவன் ஊர்லயும் தெரியுமா?" என்று கேட்டார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, தெரியும் என்று சொல்லிவைத்தேன். "அடடா, சட்டை கசங்கியிருந்துச்சே" என்று வீடு வரும்வரை நீவிக்கொண்டே வந்தார்.

நேரத்துக்குச் சாப்பிடு, படுக்குமுன் ஒரு நிமிஷம் கடவுளை நினை, அவர் உன்னைக் குறையில்லாமல் வைத்திருப்பார். டிக்கெட் எடுத்ததும் தேதியை அப்பாவிடம் சொல், என்னிடம் வேண்டாம். கேமராவில் பார்த்தேன், சட்டை கசங்கவே இல்லை என்றும் சொல்லிவிடு, என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

கேமராவையும் கும்பிடத் துணிந்த
உன் அம்மா