எல்லாப் பாட்டுக்கும் பின்னால் ஒரு சுரம்

12 பிப்ரவரி 2025

காலையில் இன்ஜின் மக்கர். பெல்ட்டை மாற்றி, பாத்திக்குத் தண்ணீர் ஏற ஆரம்பிப்பதற்குள் வெயில் சுட்டது. மேஸ்திரி தட்சணாமூர்த்தி வரப்பில் நின்று கத்தினார். "ஏம்பா புருஷோத்தமா, உப்பு உனக்காவ காத்துக்கினு இருக்குமா?"

உப்பளத்தில் இன்ஜின் ஓட்டுகிறவனுக்குப் பெரிய வேலையெல்லாம் கிடையாது. ஓடுகிற இன்ஜினை விட்டு நகரக் கூடாது, அவ்வளவுதான். டீசல் பார்க்கணும், சூடு பார்க்கணும், நாள் முழுக்க அந்தத் தடதடப்பைத் தாங்கணும். மற்ற கொட்டகைகளில் காதில் பஞ்சு அடைத்துக்கொள்கிறார்கள். எனக்கு முன்னால் இங்கே இருந்தவர் விட்டுப்போன பஞ்சு ஒரு பையில் ஆணியில் தொங்குகிறது. நான் அதில் பேஸ் கிடார் கம்பி துடைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை 'மாதாந்திர பராமரிப்பு' ஆல்பம் வருகிறது. கரண்டை நிறுத்துவதற்குச் சொல்லும் காரணத்தையே பேராக வைத்துக்கொண்ட ராக் பேண்ட். அந்தப் பேருக்கே ஒரு கும்பிடு போடலாம்.

14 பிப்ரவரி

வந்துவிட்டது. 'கூரைக்கு மேலே கடல்'. ஒன்பது பாட்டு.

என்ன செய்து வைத்திருக்கிறான்கள்! முதல் பாட்டில் ட்ரம்ஸ் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது, பேஸ் வரவே மாட்டேன் என்கிறது. இனி வராது என்று நாம் விட்டுவிடும்போது யாரோ கதவைத் தோளால் இடிப்பதுபோல் வருகிறது. நான்காவது பாட்டில் பாடுகிற பெண் கத்தவே இல்லை. தண்ணீர் எந்தத் தெரு வரைக்கும் வந்திருக்கிறது என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போகிறாள். கத்தியிருந்தால் இவ்வளவு பயம் வந்திருக்காது.

இன்ஜினை மீறிக் கேட்கணுமே, வால்யூமைக் கடைசி வரை ஏற்றினேன். காதுக்குக் கெடுதல் என்று போன் ஏதோ காட்டியது. சரி என்று அமுக்கிவிட்டேன். ஹெட்ஃபோன் காதை மூடித்தானே இருக்கிறது. பஞ்சைவிட நல்லது.

15 பிப்ரவரி

நாள் முழுக்க அதேதான். ரேணுகாவிடம் சாப்பிடும்போது அரை மணி நேரம் சொன்னேன். "மொதல்ல சோத்த தின்னுங்க" என்றாள். என் பெண்டாட்டிக்கும் ராக் இசைக்கும் ஜாதகப் பொருத்தம் இல்லை.

27 பிப்ரவரி

இன்று ஒன்று கண்டுபிடித்தேன்!

எல்லாப் பாட்டுக்கும் பின்னால் ஒரே ஒரு சுரம் ஓடுகிறது. ஊசிபோல மெல்லியது, ரொம்ப உச்சத்தில். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில்கூட நிற்பதில்லை. அதுதான் கடல்! கூரைக்கு மேலே நிற்கிற கடல். முதல் பத்து நாள் என் காதுக்கே பிடிபடவில்லை. நல்ல ஆல்பம் அப்படித்தான், கேட்கக் கேட்கத்தான் தன்னைக் காட்டும்.

2 மார்ச்

பெரிய முதலியார்சாவடியில் சரண்யா வீட்டு ஷெட்டில் பிராக்டிஸ். எங்கள் பேண்டில் பாட்டும் கீபோர்டும் அவள். ட்ரம்ஸ் அஃப்னான், கோட்டக்குப்பத்தில் மொபைல் கடை. இரண்டு பேரையும் உட்காரவைத்து ஆல்பத்தைப் போட்டுக் காட்டினேன். இரண்டு பேருக்கும் அந்தச் சுரம் கேட்கவில்லை.

"கடையில எல்லா ஸ்பீக்கர்லயும் போட்டுப் பாக்கறேன் மச்சான்" என்றான் அஃப்னான்.

ரிங்டோன் கேட்டே பழகின காது. பாவம்.

9 மார்ச்

நம்பவே முடியவில்லை. ஏப்ரல் 26 பாண்டிச்சேரியில் 'மாதாந்திர பராமரிப்பு' கச்சேரி. அவர்களுக்கு முன்னால் வாசிக்க உள்ளூர் பேண்ட் கேட்டிருந்தார்கள். சரண்யா எங்களிடம் சொல்லாமலே பதிவை அனுப்பியிருக்கிறாள். எடுத்துவிட்டார்கள்! அஃப்னான் போனிலேயே அழுதான். உப்பளத்தில் நான் போட்ட ஆட்டத்தைப் பார்த்து மேஸ்திரி, பாம்பு கடித்துவிட்டது என்று ஓடி வந்தார்.

அஃப்னான் எல்லா ஸ்பீக்கரிலும் போட்டுப் பார்த்துவிட்டானாம். அப்படி ஒரு சுரம் இல்லையாம்.

16 மார்ச்

பருப்பு தீய்ந்துவிட்டது. மூணு விசில் வந்ததும் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு ரேணுகா கடைக்குப் போயிருந்தாள். நான் அடுப்புக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு விசில்கூட வரவில்லை. வெயிட்டில் அடைப்பு என்று சொன்னேன். கழற்றிப் பார்த்தாள், சுத்தமாக இருந்தது.

"பக்கத்து வூட்டுக்கே கேட்டுதாம்" என்றாள்.

21 மார்ச்

பாத்தி ஓரத்தில் உள்ளான் குருவிக் கூட்டம். வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. இந்த வருஷம் ஏன் இவை கத்துவதில்லை?

6 ஏப்ரல்

பிராக்டிஸில் சண்டை. எங்கள் கடைசிப் பாட்டு முழுக்க அந்தச் சுரத்தைக் கீபோர்டில் பிடிக்கச் சொன்னேன், அந்த பேண்டுக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று. சரண்யா பிடித்தாள். இன்னும் மேலே, இன்னும் மேலே என்றேன். அவள் கையை எடுத்துவிட்டாள்.

"அண்ணா, பாட்டோட ஒட்டவே இல்ல. பல்லு கூசுது."

எனக்கு அது சரியாக இருந்தது. அதை வைத்துத்தான் கிடாருக்கே சுருதி சேர்த்திருந்தேன்.

"நீங்க ஏன் இப்பல்லாம் கத்திக் கத்திப் பேசறீங்க?" என்றும் கேட்டாள். கத்தவில்லை. கத்தினேனா?

19 ஏப்ரல்

ஹெட்ஃபோனை மாட்டுவதற்கு முன்பே அந்தச் சுரம் கேட்டது. ஆல்பம் மனசில் அவ்வளவு பதிந்துவிட்டது. வேறென்ன.

22 ஏப்ரல்

இன்று ஆல்பத்தைக் கேட்கவே இல்லை. இன்ஜினை நிறுத்திவிட்டு வரப்பில் உட்கார்ந்திருந்தேன். கேட்டது.

காத்துதான். காத்தாத்தான் இருக்கணும்.

27 ஏப்ரல்

எழுதிவிட வேண்டும்.

நேற்று கச்சேரிக்கு மதியமே போய்விட்டோம். அந்த ஆல்பத்தை மிக்ஸ் செய்த காசிலிங்கம் என்பவர்தான் மேடை ஒலிக்கும் பொறுப்பு. நல்ல மனுஷன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாம் சொன்னேன், பேஸ் நுழைகிற இடம், நான்காவது பாட்டு, எல்லாம். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பிறகு கேட்டேன், "அந்தச் சுரத்தை எதுல வாசிச்சீங்க சார்?"

"எந்தச் சுரம்?"

சொன்னேன். அவர் லேப்டாப்பைத் திறந்து தன்னுடைய ஹெட்ஃபோனையே என் தலையில் மாட்டினார். பாட்டு ஓடியது. "இதோ, இதுதான்" என்றேன். ட்ரம்ஸை நிறுத்தினார். "இருக்குதா?" இருக்குது. கிடாரை நிறுத்தினார். இருக்குது. குரலை நிறுத்தினார். இருக்குது சார், இப்பதான் நல்லாவே கேக்குது, இதை எங்க வெச்சிருக்கீங்க?

அவர் மெல்ல என் தலையிலிருந்து ஹெட்ஃபோனை எடுத்தார்.

"எல்லாத்தையும் நிறுத்திட்டேன் தம்பி. இப்ப எதுவுமே ஓடல."

ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஐயோ, நிக்கவே மாட்டேங்குதே.

வாசித்தோம். விரல் தானாகப் போனது. சரண்யா ரெண்டு தடவை திரும்பி என்னைப் பார்த்தாள். அதற்கப்புறம் திரும்பவே இல்லை. 'மாதாந்திர பராமரிப்பு' மேடை ஏறியபோது அஃப்னான் என்னை முன்வரிசைக்கு இழுத்தான். நான் வேனில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஒன்றரை மாதம் இதற்காகவே உயிரை வைத்திருந்தவன், கண்ணாடியை ஏற்றிவிட்டு வேனுக்குள்.

30 ஏப்ரல்

காது டாக்டர். சின்ன அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். அமுக்கினேன். நடுவில் ரொம்ப நேரம் சும்மாவே விட்டுவிட்டார்கள். வெளியே வந்து, ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன்.

"நிறுத்தலையே" என்றது சோதனை செய்த பெண்.

எங்கே உட்கார்ந்து பாட்டுக் கேட்பேன் என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இன்ஜின் ஒரு பக்கம், அதை மீறுகிற பாட்டு ஒரு பக்கம், நாள் முழுக்க. போனது போனதுதானாம். இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளணுமாம்.

ரேணுகாவிடம் காதில் அழுக்கு, எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன்.

1 மே

பஞ்சு வைத்துக்கொண்டு இன்ஜின் ஓட்டினேன். இன்ஜின் தூரமாகப் போய்விட்டது. அந்தச் சுரம் போகவில்லை.

18 மே

பிராக்டிஸுக்கு வரச்சொல்லி அஃப்னான் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டான். உப்பு வாருகிற நேரம், வேலை அதிகம் என்றேன். பாதி உண்மை. மீதி, பயம்டா அஃப்னான். சுருதி சேர்க்கவே பயமா இருக்குது.

1 ஜூன்

நான் இப்போதெல்லாம் பாட்டே போடுவதில்லை என்று ரேணுகா கவனித்திருக்கிறாள். என்ன நினைத்தாளோ, இன்று துணி மடித்துக்கொண்டே அவள் போனில் அந்த ஆல்பத்தை முழுசாகக் கேட்டாளாம். நான் வீட்டுக்கு வந்ததும் பெருமையாகச் சொன்னாள்.

"ஏங்க, மத்ததெல்லாம் ஒரே இரைச்சல்தான். ஆனா கடைசிப் பாட்டு முடியறப்ப ஒரு கொலுசு மட்டும் தனியா நடந்து போவுது பாருங்க, யாரோ வூட்ட வுட்டுப் போற மாதிரி. எனக்கு அழுகையே வந்துடுச்சு."

அந்தப் பாட்டை எத்தனை தடவை கேட்டிருப்பேன். அதில் கொலுசு இல்லை.

"திரும்பப் போடு" என்றேன்.

போட்டாள். போனை என் காதோரம் பிடித்து, எங்கே வருகிறது என்று காட்ட விரலைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பாட்டு முடிந்தது. அந்த ஊசிச் சுரம் மட்டும் ஓடியது. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் அசைந்தது, அவள் சிரித்தாள்.

நானும் சிரித்தேன்.