ஆன்டெனாவில் கட்டிய எலுமிச்சம்பழம்

மாப்ளே,

கடைக்கு வெள்ளையடிப்பதற்காக நேற்று இரும்பு அலமாரியை நகர்த்தினேன். பின்னால் சுவரோடு சுவராக ஒரு கம்பி சாய்ந்து நின்றது. ஒரு முழத்துக்குச் சற்றே கூடுதலான நீளம், அடியில் ஸ்பிரிங். ஸ்பிரிங்குக்கு மேலே தண்டைச் சுற்றி மோதிரம் போலத் துரு. அது ஜீப்பின் ஆன்டெனா என்று புரிந்ததும் ஓரடி பின்னால் நகர்ந்துவிட்டேன். வெள்ளையடிக்க வந்தவர், பாம்பு ஏதும் கிடக்கிறதோ என்று எட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று அவரை டீ குடிக்க அனுப்பிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ போய் இத்தனை வருடம் ஆகியும் இவன் பயம் போகவில்லையே என்று சிரிப்பாய். சிரி. எனக்குப் பயம் உடன்பிறப்பு. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரப் பயம், பட்டாசுக்குப் பயம், டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை எடுத்தாலே பயம். ஊரே கேலி செய்த அந்தப் பயத்துக்கு ஒரு வேலை கொடுத்தவன் நீ ஒருவன்தான்.

வத்தலக்குண்டு ரோட்டில் நாம் இருவரும் கூட்டாக நடத்திய கடையில் டைனமோ, செல்ஃப் மோட்டார், ஹாரன் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. தொண்ணூறுகளின் நடுவில் சிறுமலை எஸ்டேட்காரர் வந்து, தன் இரண்டு ஜீப்புகளுக்கும் டவுன் குடோனுக்கும் வயர்லெஸ் செட் பொருத்த முடியுமா என்று கேட்டார். டெல்லி வரை எழுதிப் போட்டு உரிமம் வாங்கியிருந்தார். மழைக்காலத்தில் மலைப் பாதையில் வண்டி மாட்டிக்கொண்டால் ஆள் நடந்து வந்துதான் சேதி சொல்ல வேண்டும் என்பது அவர் கவலை. நான் முடியாது என்று வாயெடுப்பதற்குள் நீ சரி என்று சொல்லிவிட்டாய்.

அவருக்கு இடுப்பில் செருகும் வாக்கி டாக்கி மீதுதான் கண். மதுரையிலிருந்து மாதிரிக்கு ஒரு ஜோடி வாங்கி வந்து, ஒன்றைக் குடோனில் கொடுத்துவிட்டு, அவரை மலையடிவாரத்துக்குக் கூட்டிப்போய், ஜீப்புக்குள் உட்கார்ந்தபடியே பேசச் சொன்னாய். குடோனில் பில் போடுகிற ஸ்டெல்லா அக்காவுக்கு வெறும் கரகரப்புதான் கேட்டது. அதன் பிறகுதான் மனுஷன் வண்டியில் பொருத்தும் பெரிய செட்டுக்கு ஒத்துக்கொண்டார். அடுத்து, போலீஸ் ஜீப்பில் இருப்பதுபோல முன்பம்பரில் ஆளுயர ஆன்டெனா ஆடவேண்டும் என்றார். காட்டுப் பாதையில் உண்ணிப் புதர் அதை முதல் நாளே ஒடித்துவிடும் என்றாய். மேலே நிறுத்தலாம் என்றால் ஜீப்புக்குத் தார்ப்பாய்தான், இரும்புக் கூரை இல்லை. கடைசியில் இடது பக்கம், கண்ணாடிக்குக் கீழே பானெட் ஓரத்தில் ஒரு தாங்கி அடித்து, அதில் இந்தச் சின்னக் கம்பியை நிறுத்தினோம்.

கம்பியை அலைவரிசைக்கு ஏற்ற அளவுக்கு வெட்டுவதுதான் பெரிய வேலை. கடையில் வருவது நீளமாக வரும். மீட்டரைப் பார்த்துப் பார்த்து நகக்கண் அளவு நறுக்க வேண்டும். ஒரு நறுக்கு கூடிப்போனால் கம்பி குப்பைக்குத்தான். நீ வெட்டும் குறட்டை என் கையில் திணித்தாய்.

"நீதாம்ல வெட்டணும். பயந்தவன் கை கூடுதலா வெட்டாது."

இரண்டு ஜீப்புக்கும் நானே வெட்டினேன். ஒரு கம்பிகூட வீணாகவில்லை. என் வாழ்க்கையில் என் பயத்தை யாரும் அதற்கு முன்னால் பாராட்டியதில்லை, மாப்ளே.

மலை மறைக்கிற இடங்களில் பேச்சு உடைந்து உடைந்து வரும். ஆனால் மைக் பட்டனை அமுக்கும் 'டிக்' மட்டும் எப்படியோ வந்து சேர்ந்துவிடும். அதற்காக ஸ்டெல்லா அக்காவோடு சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தோம். 'கேக்குதா' என்று கேட்டால், இரண்டு தடவை அமுக்கினால் கேட்கிறது என்று அர்த்தம். ஒரே ஒரு தடவை அமுக்கினால், கேட்கவில்லை, திரும்பச் சொல். அவ்வளவுதான் நம் பாஷை.

முதல் ஜீப் எஸ்டேட் பங்களாவுக்குப் போய்விட்டது. இரண்டாவதை ஆயுத பூஜைக்கு மறுநாள் நீயும் நானும் கொண்டுபோய் விட வேண்டும். காலையிலேயே சிறுமலை தலையில் மேகத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் டேஷ்போர்டில் அந்தோணியார் படத்தை ஒட்டினேன். அப்படியும் வண்டியில் ஏறக் கால் வரவில்லை. நீ எதிர்ச்சாரிக்குப் போய், பூஜைக்கு விற்று மிஞ்சிய எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த சரம் ஒன்றை வாங்கி வந்து ஆன்டெனாவின் அடியில் முறுக்கிக் கட்டினாய். உன் மார்க்கத்திலும் அது இல்லை, என் வேதத்திலும் இல்லை.

"இப்ப ஏறுவியா?" என்று மட்டும் கேட்டாய். ஏறினேன், நீ ஓட்டினாய். குடோனைத் தாண்டும்போது கூப்பிட்டுப் பார்த்தோம், ஸ்டெல்லா அக்காவின் குரல் கணீரென்று வந்தது.

மலையேறத் தொடங்கியதும் பதில் நின்றது. மலை மறைக்கிறது என்றாய். அடுத்த வளைவிலும் பதில் இல்லை. திரும்பிவிடலாம் என்றேன். இந்த ரோட்டில் வண்டியைத் திருப்ப எங்கே இடம் இருக்கிறது என்று நீ கேட்டதும் நியாயம்தான். பழையூர் தாண்டி எஸ்டேட்டின் மண்பாதையில் இறங்கியபோது மழை கொட்டியது. செத்த நேரத்தில் பாதையே ஓடையாகிவிட்டது.

வண்டி வழுக்கியபோது சத்தமே இல்லை. மெதுவாக, வேண்டுமென்றே போவதுபோல, உன் பக்கமாகச் சரிந்து ஒரு பலாமரத்தில் போய்ச் சாய்ந்தது. மரத்துக்கு அந்தப்புறம் வெறும் மேகம். உன் வலது கால் இரும்புக்கும் மரத்துக்கும் நடுவில் சிக்கியிருந்தது. மரத்தின் வேர் நெறிபடும் சத்தம் மழையையும் மீறி எனக்குக் கேட்டது. நான் 'அந்தோணியாரே' என்று சொல்ல நினைத்தேன், பல் கிட்டித்துக்கொண்டது.

"எறங்கிராத. நீ எறங்குனா வண்டி உருண்டுரும்" என்றாய்.

மைக்கை எடுத்தாய். செட்டின் சிவப்பு விளக்கு எரிந்தது. கூப்பிட்டாய். குடோனும் பதில் சொல்லவில்லை, மேலே பங்களாவில் நின்ற முதல் ஜீப்பும் பதில் சொல்லவில்லை. இரைச்சல் மட்டும். நான் வாங்கிக் கூப்பிட்டேன். மறுபடி நீ. உன் குரல் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டே போனது. உன் பேண்டில் ரத்தம் பரவுவதை நான் பார்த்தேன், நீ பார்க்காதது போல இருந்தாய். இங்கேயே, இப்படியே, இவன் என் கண் முன்னால் போய்விடுவான், பிறகு நானும் போவேன் என்று நினைத்தேன்.

ஆன்டெனா ஒடிந்திருக்கிறதா என்று கையை நீட்டித் தடவிப் பார்க்கச் சொன்னாய். கண்ணாடியைச் சுற்றிக் கையை வெளியே விட்டேன். தண்டு நேராகத்தான் நின்றது. அடியில் பழமும் மிளகாயும் நனைந்து தொங்கின. சொன்னேன்.

"நான் கட்டுனது நூலா, கம்பியா?"

"கம்பி."

"முனை வண்டி இரும்புல படுதா?"

பட்டது. தாங்கியின் போல்ட்டில் நன்றாகவே பட்டுக்கொண்டிருந்தது. நாம் கத்தியதெல்லாம் ஆன்டெனா வழியாகக் காற்றில் ஏறாமல் வண்டியின் உடம்பிலேயே இறங்கிப் போயிருக்கிறது. குடோன் வாசலில் கேட்டது பக்கத்தில் இருந்ததால்தான்.

"அதப் பிச்சு எறி மாப்ளே."

என்னால் முடியவில்லை. யாரிடமும் இதுவரை சொன்னதில்லை, உனக்கு மட்டும்தான் தெரியும். வண்டியைப் பள்ளத்தில் போகாமல் பிடித்துக்கொண்டிருப்பது பலாமரம் இல்லை, அந்த எலுமிச்சம்பழம்தான் என்று அந்த நேரத்தில் மனசார நம்பினேன். அதைப் பிய்த்த நொடியில் உருண்டுவிடுவோம். முடியாது என்று அழுதேன். நீ திட்டவில்லை. மைக்கைப் பிடித்திருந்த கையை என் முழங்கால் மேல் வைத்தாய்.

"பயப்படாத. நான் இங்கனதான இருக்கேன்."

போக முடியாமல் மாட்டிக்கொண்டு கிடந்தவன் சொன்ன பேச்சு அது. கண்ணை மூடிக்கொண்டு பிய்த்தேன். கம்பி விரலை அறுத்தது, மிளகாய் அதில் பட்டு எரிந்தது. வண்டி அசையவில்லை. நான் மைக்கை அமுக்கி ஏதோ உளறினேன். உடனே, பக்கத்து சீட்டில் இருப்பவர் போல ஸ்டெல்லா அக்கா பேசினார்.

"எங்கப்பா இருக்கீங்க ரெண்டு பேரும்? நான் சொல்றது கேக்குதா?"

எனக்கு அழுகைதான் வந்தது. உனக்குப் பேசத் தெம்பில்லை. என் கையிலிருந்த மைக்கில் உன் கட்டைவிரலை வைத்து இரண்டு தடவை அமுக்கினாய். பங்களாவிலிருந்து கயிறோடு முதல் ஜீப் வந்து சேரும்வரை அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார், நீ அமுக்கிக்கொண்டே இருந்தாய்.

அதன் பிறகு நீ லேசாகக் காலை இழுத்து நடந்தாய். கடையில் யாராவது காரணம் கேட்டால், திருஷ்டி பட்டுவிட்டது என்று சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பாய். செல்போன் வந்தது, எஸ்டேட்டில் செட்டுகளைக் கழற்றி நம்மிடமே கொடுத்துவிட்டார்கள். இந்தக் கம்பியை மட்டும் நீ அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தது எனக்கு நேற்றுத்தான் தெரியும்.

மதுரை ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பார்க்க விட்டபோது உன் வாயில் குழாய் இருந்தது. கண் மூடியிருந்தது. உன் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் குளிரூட்டிய அறையில் சிறுமலையில் பயந்ததைவிட அதிகமாகப் பயந்தேன், மாப்ளே. இந்தத் தடவை பிய்த்து எறிய ஒன்றுமே இல்லை. உன் காதருகில் குனிந்து, நீ எனக்குச் சொன்னதையே சொன்னேன். கேக்குதா என்று கேட்டேன்.

உன் கட்டைவிரல் என் உள்ளங்கையில் ஒரு தடவை அமுங்கியது.

இரண்டாவதற்காகக் காத்திருந்தேன். அதற்குள் நர்ஸ் வந்து, நேரமாகிவிட்டது, வெளியே போங்கள் என்றார். மறுபடி உள்ளே விட்டபோது நீ இல்லை.

உன் வீட்டார் கேட்டபோது, கையை அமுக்கினான், என்னைத் தெரிந்துகொண்டான் என்று சொன்னேன். அவர்களுக்கு அது ஆறுதலாக இருந்தது. ஒரு தடவை அமுக்கினால் என்ன அர்த்தம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஸ்டெல்லா அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

கம்பியைத் துடைத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். நீ சரம் கட்டிய இடத்துத் துருவைச் சுரண்டவில்லை. நீ திரும்பச் சொல்லச் சொன்னாய், ஆஸ்பத்திரியில் எனக்கு நேரம் கொடுக்கவில்லை. அதனால் இப்போது சொல்கிறேன்.

பயப்படாத மாப்ளே. நான் இங்கனதான் இருக்கேன். கேக்குதா?