அக்கம்மாளின் தவணை

கோம்பை,
11.06.2025

அன்பு மகள் உமாதேவிக்கு,

அப்பா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, சினேகா மூவரும் நலம்தானே? மாப்பிள்ளையின் கடை இப்போது எப்படிப் போகிறது?

என் கைப்பேசியை ஐந்து நாளாக அணைத்து வைத்திருப்பதால் பயந்திருப்பாய். அதனால்தான் கடிதம். ஏதோ ஒரு நிதி நிறுவனத்திலிருந்து உன் அம்மாவைக் கேட்டுக் கூப்பிடுகிறார்கள். முதல் அழைப்பு போன வெள்ளிக்கிழமை காலை 6.40 மணிக்கு.

"அக்கம்மாள் இருக்காகளா?"

"அவ இறந்து இருபத்தொரு மாசம் ஆச்சு" என்றேன். அந்த ஆள் சிரித்தார்.

"கட்டாதவுக எல்லாரும் இதைத்தான் சொல்றாக, ஐயா. நேத்துக்கூட எங்ககிட்டப் பேசுனாக."

அன்று மட்டும் பதினொரு அழைப்பு. நேரங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். கடைசி அழைப்பு இரவு 9.20. வேறு ஏதோ அக்கம்மாள் என்று தேற்றிக்கொண்டேன். ஆனால் கதவிலக்கம், பிறந்த தேதி, என் பெயர் எல்லாம் சரியாகச் சொன்னார். சொன்னால் சிரிப்பாய். முதல் அழைப்பு முடிந்ததும் எழுந்துபோய் அடுப்படியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

கணக்கை முடிப்பதற்காக அம்மாவின் வங்கிப் புத்தகத்தையும் கைப்பேசியையும் நீ எடுத்துப்போனாய் அல்லவா? அந்த எண் இன்னும் உயிரோடு இருக்கிறதா? தப்பாக நினைக்காதே, விசாரிப்புக்காகத்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
அப்பா
சுருளிராஜன்


கோயம்புத்தூர்,
16.06.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் இன்று கிடைத்தது. பயப்படாதீர்கள். இப்போதெல்லாம் எல்லோருக்கும் இப்படித்தான் அழைப்பு வருகிறது. யாரோ ஒருவரின் விவரத்தை யாருக்கோ மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். நீங்கள் எடுக்காமல் இருந்தால் நாலு நாளில் ஓய்ந்துவிடும். தயவுசெய்து அவர்களுக்கு எதையும் எழுதிக் கேட்காதீர்கள். எழுதினால் நாமே கடனை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

அம்மாவின் நம்பர் எப்போதோ போய்விட்டது.

கடை பரவாயில்லை. சினேகா உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். மாத்திரையை விட்டுவிடாதீர்கள். வெயிலில் அலையவும் வேண்டாம்.

உங்கள் மகள்,
உமா


கோம்பை,
02.07.2025

அன்பு மகளுக்கு,

நீ சொன்னபடி சும்மா இருக்கத்தான் நினைத்தேன். முடியவில்லை, மன்னித்துக்கொள்.

போன மாதம் 19ஆம் தேதி இரண்டு பேர் நேரிலேயே வந்துவிட்டார்கள். வீட்டுக்கு வருவதற்கு முன் வீரபாண்டி டீக்கடையில் நின்று, "அக்கம்மாள்னு கடன் வாங்கிட்டுக் கட்டாம இருக்காகளே, வீடு எங்கன?" என்று சத்தமாக விசாரித்திருக்கிறார்கள். நான் பால் வாங்கப் போனபோது வீரபாண்டி, "என்ன சார், செத்தவுகளுக்கும் தவணை ஓடுதாக்கும்?" என்றான். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். உன் அம்மா யாரிடமும் ஒரு கரண்டி எண்ணெய்கூடக் கைமாற்று வாங்காதவள். பால் வாங்காமலே திரும்பிவிட்டேன்.

முப்பத்தோரு வருடம் தாலுகா ஆபீஸ் பதிவறையில் இருந்தவனுக்கு விதிகளைத் தேடிப் படிக்கவாவது தெரியும். காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஏழுக்குப் பின்பும் கடன் கேட்டுக் கூப்பிடக் கூடாது. வருகிறவர் அடையாள அட்டையும் நிறுவனத்தின் அனுமதிக் கடிதமும் வைத்திருக்க வேண்டும். கடன் விவரத்தை ஊராரிடம் சொல்லக் கூடாது. இறந்தவர் விட்டுப்போன சொத்து எவ்வளவோ அதற்கு மேல் வாரிசு கட்ட வேண்டியதில்லை. நான் படித்தது சரிதானா என்று நூலகரிடமும் கேட்டுக்கொண்டேன்.

24ஆம் தேதி மறுபடி வந்தார்கள். "தம்பி, அடையாள அட்டையக் காட்டுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறையாகக் கேட்டேன். காட்டினார். பெயர் சசிதரன். அதன்பின் அவர் தணிந்துவிட்டார்.

"எனக்கு என்ன பகை, ஐயா? அம்மாதான் வெள்ளிக்கிழமை கட்டிர்றேன்னு போன வாரம் சொன்னாக. வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாதுன்னு கெஞ்சுனாக."

அன்றே பதிவுத் தபாலில் புகார் அனுப்பி, கடன் விவரமும் கேட்டேன். அழைப்புகள் நின்றுவிட்டன. விவரமும் வந்துவிட்டது. கடன் கைப்பேசி வழியாக 14.03.2024 அன்று வாங்கப்பட்டிருக்கிறது. அம்மா போய் ஆறு மாதம் கழித்து. ஒன்பது தவணை ஒழுங்காகக் கட்டி, பிறகு நிறுத்தியிருக்கிறாள்.

எனக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்யக்கூடியவள்தான் உன் அம்மா. செத்த பிறகும் செய்வாளா என்பதுதான் தெரியவில்லை.

அவள் தொலைபேசியில் பேசிய குரல் பதிவைக் கேட்க, 9ஆம் தேதி புதன்கிழமை தேனி அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இறப்புச் சான்றிதழை இதுவரை அனுப்பவில்லை. கையோடு கொண்டுபோகிறேன்.

அன்புடன்,
அப்பா


கோயம்புத்தூர்,
05.07.2025

அப்பா,

தேனிக்குப் போகாதீர்கள். வரும் சனிக்கிழமை நான் வருகிறேன். வந்து எல்லாம் சொல்கிறேன். அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

உமா


கோம்பை,
13.07.2025

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமையே கிடைத்தது. ஆனாலும் போனேன். நேற்று காலை முதல் இருட்டும் வரை பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். நீ வரவில்லை.

தேனியில் மேலாளர் நாகஜோதி என்ற பெண். மரியாதையானவர். காதில் மாட்டிக் கேட்கும் கருவியை அவரே எனக்கு மாட்டிவிட்டார்.

"தம்பி, வெள்ளிக்கிழமை கட்டிர்றேன். கோம்பைக்கு மட்டும் ஆள் அனுப்பாதீக. எங்க வீட்டுக்காரரு… தாங்க மாட்டாக."

உன் அம்மாதான். 'வீட்டுக்காரரு' என்றபின் மூச்சு வாங்க நிறுத்துவாளே, அந்த நிறுத்தமும் இருந்தது. கடைசி மூன்று மாதம் அவள் அப்படித்தான் பேசினாள். நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு முறை போடச் சொன்னேன். மூன்றாம் முறை கேட்டபோதுதான், முடிவில் தூரத்தில் ஒரு பிள்ளைக் குரல் காதில் விழுந்தது. "அம்மா, இது தாத்தாவோட லெட்டரா?" பதிவான நாள் ஜூன் 16, என் கடிதம் உனக்குக் கிடைத்த நாள்.

நாகஜோதி சொன்னார்: "ஐயா, அவுக இல்லைன்னா சான்றிதழக் குடுங்க. இது ஆள்மாறாட்டம். நம்பர வச்சு ரெண்டு நாள்ல போலீஸ் ஆளைப் பிடிச்சிரும். நீங்க ஒரு பைசா கட்ட வேணாம். அவுகதான்னா, அவுகதான்னு எழுதிக் குடுங்க."

சட்டம் முழுக்க என் பக்கம். சான்றிதழ் மடியில், பைக்குள். ஓர் அலுவலக மேசைக்கு முன் இதுவரை நான் பொய் சொன்னதில்லை.

"அவதான்" என்றேன். எழுதியும் கொடுத்தேன். இனி தவணை என் ஓய்வூதியத்திலிருந்து போகும்.

என்னிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். ஏன், எதற்கு என்று நான்கு தாளில் எழுதிக் கேட்ட பிறகுதான் கொடுத்திருப்பேன் என்பதும் உண்மை. உனக்காகத்தான் கையெழுத்துப் போட்டேனா என்று எனக்கே நிச்சயமில்லை. நான்காவது முறையும் அதைப் போடச் சொன்னேன்.

அந்த சிம் கார்டை எனக்கு அனுப்பிவிடு. அந்தக் குரலில் இனி யாரிடமும் பேசாதே.

அப்பா


கோம்பை,
04.08.2025

அன்பு மகள் உமாதேவிக்கு,

சிம் கார்டு வந்து சேர்ந்தது. உறையின் மேல் உன் கையெழுத்து. உள்ளே கடிதம் ஏதும் இல்லை. இரண்டு முறை உதறிப் பார்த்தேன்.

அதை என் கைப்பேசியில் போட்டிருக்கிறேன். இன்று காலை 8.05க்கு மணி அடித்தது. விதிப்படி சரியான நேரம். தவணைத் தேதியை நினைவூட்ட சசிதரன் கூப்பிட்டிருந்தார்.

"ஐயா, அக்கம்மாள் அம்மா இருக்காகளா?"

எழுதிக் கொடுத்தவன் வேறு என்ன சொல்ல முடியும்?

"கொல்லையில இருக்கா. கூப்புடுறேன்" என்றேன்.

"மெதுவா வரட்டும், ஐயா. லைன்லயே இருக்கேன்."

கைப்பேசியை மேசைமேல் வைத்தேன். கொல்லைக் கதவைத் திறந்துவிட்டு, அவரோடு சேர்ந்து நானும் காத்திருந்தேன்.

அப்பா
சுருளிராஜன்