முத்திரை விழாத காலணா

சித்தூர்
1940 ஆகஸ்டு 19

கர்த்தருக்குள் அன்பான என் வீட்டுக்காரருக்கு லோயிஸ் எழுதிக்கொள்வது. இங்கே மழை பிடித்திருக்கிறது. என் நைனாவுக்கு இருமல் தணிந்திருக்கிறது. நான் எழுந்து உட்காருகிறேன். உங்கள் சுகத்துக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்.

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நைனாதான் உரக்கப் படித்தார். ஒரு காலணாவைப் பற்றிக் கேட்டால் மூன்று பக்கம் பதில்! காசு அடிக்கும் தங்கசாலையில் நாள் முழுக்க நல்ல காசு, கெட்ட காசு என்று பொறுக்குகிறவரிடம் கேட்டது என் தப்பு.

நைனாவோடு போட்ட பந்தயத்தில் நான்தான் ஜெயித்தேன். சபைக் கோயிலில் நைனா எண்ணிய காணிக்கைப் பையில் ராஜா தலையும் எழுத்தும் இல்லாமல் அது கிடந்தபோது அவர், "திருப்பதிக்குப் போற ஜனங்க கையில தேஞ்ச காசும்மா இது, இத்த வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற" என்று தூக்கிப் போடப் பார்த்தார். நல்ல காலணா ஒன்றைப் பையில் போட்டுவிட்டு நான் இதை வாங்கிக்கொண்டேன். நீங்கள் லீவில் வந்தபோது சொல்லிக்கொடுத்தபடியே செய்தேன். தேய்ந்த காசு எடை குறையும். தட்டார் கங்கையாவின் தராசில் புதுக் காலணாவுக்கு எதிரே வைத்தேன், முள் அசையவில்லை. ஓரத்தை நகத்தால் தடவினேன், சுற்றிலும் மேடு தட்டுப்பட்டது. வட்டமாக வெட்டி, ஓரம் எழுப்பி, எல்லா வேலையும் முடிந்து அச்சில் மட்டும் ஏறாத தட்டு என்று அப்போதே சொன்னேன். நீங்களும் அதையேதான் எழுதியிருக்கிறீர்கள்.

பிழைக் காசா என்று கேட்டிருந்தேன் அல்லவா? அச்சு விலகி விழுந்தால், இரண்டு தடவை விழுந்தால் பிழைக் காசு. இதன்மேல் அச்சே விழவில்லை, ஆகையால் பிழைக் காசும் இல்லை, காசும் இல்லை, எந்தக் கணக்கிலும் சேராது என்று எழுதியிருக்கிறீர்கள். நைனா அந்த வரியோடு நிறுத்திவிட்டார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எழுந்து போனார். மீதியை நான்தான் படித்தேன். தொட்டில் வாங்கியாயிற்றா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள்.

தந்தி கொடுக்கப் போன நைனாவைத் தடுத்தவள் நான். முன்பின் தெரியாத ஒருவன் கையிலிருந்து நீங்கள் அதை வாங்கக் கூடாது என்று நினைத்தேன். இன்றைக்கும் எழுத மனம் வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன். பன்னிரண்டாம் தேதி பிறந்தாள். பெண். அழவில்லை. மருத்துவச்சி ரத்தினம்மா காலைப் பிடித்துத் தூக்கித் தட்டினாள், முதுகைத் தேய்த்தாள், வாயில் ஊதினாள். "அழ மாட்டேங்குதே லோயிசு, நான் இன்னாம்மா பண்ணுவேன்" என்று கடைசியில் அவள்தான் அழுதாள்.

உங்கள் நெற்றி. தலை நிறைய முடி. நகம்கூட வளர்ந்திருந்தது. கைவிரல், கால்விரல் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தேன். ஒன்றும் குறையவில்லை, கேட்டீர்களா, ஒன்றுமே குறையவில்லை.

ஞானஸ்நானம் ஆகாத பிள்ளையைச் சபைப் புத்தகத்தில் ஏற்ற முடியாதாம். உபதேசியாரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். "பேருக்கு ஒரு கட்டம் இருக்குது, ஞானஸ்நானத் தேதிக்கு ஒரு கட்டம் இருக்குது, எத்த எழுதுவேன் நானு" என்று நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டாராம். கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே வைத்துவிட்டு வந்தார்கள். என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. எனக்கு எல்லார்மேலும் கோபமாக இருக்கிறது. உங்கள்மேலும்தான்.

ஞானஸ்நானத்தன்று பிள்ளையின் கையில் ஒரு காசை வைத்து மூடி, அந்தக் கையாலேயே முதல் காணிக்கை போடவைப்பது நம் வீட்டு வழக்கமல்லவா? அதற்கென்று நீங்கள் அனுப்பிய புதுக் காலணா என் தலையணைக்கடியில் சுருக்குப்பையில் இருந்தது. அவளைத் துணியில் சுற்றியபோது அதைத்தான் எடுத்தேன். பளபளவென்று ராஜா இருந்தார், வருஷம் இருந்தது. அவளுக்கு ஒரு பெயர்கூட இல்லையே என்று திரும்பப் பையில் போட்டேன். அதே பையில் இருந்த எழுத்தில்லாத மற்றதை எடுத்து அவள் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினேன்.

வெளியே தப்பி வந்த தட்டு தங்கசாலைக்குத்தான் சொந்தம், ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பு, உருக்கி மறுபடி வெட்டுவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அனுப்ப முடியாது. மேலதிகாரி கேட்டால், என் பெண்சாதி தொலைத்துவிட்டாள் என்று சொல்லுங்கள்.

நம் வேதாகமத்தின் முன்பக்கத்தில் உங்கள் பெயரும் என் பெயரும் கல்யாணத் தேதியும் இருக்கின்றன. அதற்குக் கீழே அவள் பிறந்த தேதியை எழுதி, பக்கத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறேன். பெண்ணானால் நான்தான் பெயர் வைப்பேன் என்று என்னோடு சண்டை போட்டீர்களே, வையுங்கள். அடுத்த தபாலிலேயே எழுதுங்கள். ஒரு தடவையாவது நான் அவளைக் கூப்பிட வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். எனக்காக லீவு கேட்டு மேலதிகாரியிடம் பேச்சு வாங்காதீர்கள். கணக்கில் சேராது என்று மட்டும் இனி எதைப் பற்றியும் எனக்கு எழுதாதீர்கள். கர்த்தர் உங்களைத் தம் கையில் வைத்துக் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளையின் தாய்,
லோயிஸ்