மீனுக்கு வெள்ளிக்கிழமை நோன்பு

மச்சான்,

சோப்புப் போட்டு மூன்று முறை கழுவிவிட்டேன், விரலிலிருந்து பாசி வாடை போகவில்லை. சனிக்கிழமைகளில் உன் கையிலும் இதே வாடைதான் அடிக்கும். நீ டீ கிளாஸை நீட்டும்போது வேண்டுமென்றே மூக்கைப் பொத்திக்கொண்டு வாங்குவேன். இப்போது என் கையில் அடிக்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு கிண்டல் செய்ய எதிரில் ஆளில்லை. அதனால் உனக்கு எழுத உட்கார்ந்தேன். உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒரு குற்றமும் இருக்கிறது.

உன் மீன்தொட்டி இப்போது என் வீட்டில்தான் இருக்கிறது. நீ கண்ணை மூடிய பிறகு நான்கு மாதம் பத்து நாள் வெளி ஆம்பளை யாரையும் பார்க்காமல் வீட்டோடு இத்தா இருந்து முடித்துவிட்டு, நான் வாய் நிறையத் தங்கச்சி என்று கூப்பிடும் உன் வீட்டுக்காரி செங்கல்பட்டிலிருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பினாள். என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, மாடி வூடு. இத்த ஏத்தவும் முடியாது, வெக்க எடமும் இல்ல. நீங்க எடுத்துகினு போயிடுங்க. கடைக்காரனுக்குக் குடுக்க மனசு வரல" என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் மீன் இரண்டும் கண்ணாடிப் பக்கம் வந்து நின்று வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

அந்தத் தொட்டியை நான் எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறேன்! கல்பாக்கம் ஸ்டாஃப் பஸ்ஸில் முப்பது வருஷம் ஒரே சீட்டில் இடித்துக்கொண்டு போய் வந்தவர்கள் நாம். ரிடையர் ஆன மறுமாதமே நீ மூன்றடிக்குக் கண்ணாடித் தொட்டி வாங்கி, ஃபைபர் படகுக்காரர்களிடம் கேன் கொடுத்து, அலை தாண்டிய தெளிந்த கடல்தண்ணீராகப் பார்த்துக் கொண்டுவரச் சொன்னாய்.

"புதுப்பட்டினத்துல கூப்புடு தூரத்துல கடல வெச்சிகினு, வூட்டுக்குள்ள இன்னாத்துக்குடா உப்புத்தண்ணி?" என்று கேட்டேன்.

"கடல்ல கீற மீனு என்னத் திரும்பிப் பாக்காது மச்சான். இது பாக்குது பாரு" என்றாய்.

அன்றைக்கு அது எனக்குப் பைத்தியக்காரப் பேச்சாகத்தான் பட்டது.

வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு ஒரு வேளை, ஒரு சிட்டிகை தீனி. வெள்ளிக்கிழமை ஒன்றும் கிடையாது. அது உன் சட்டம். "அதுங்களுக்கும் வாரத்துல ஒரு நாளு நோன்பு வேணும்டா" என்று சிரிப்பாய். நான் அதைக் கஞ்சத்தனம் என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரி இறந்த பிறகு வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு எனக்கு உன் வீட்டில்தான் என்று ஆகிவிட்டது. நீ ஜும்மாவுக்குப் போய்விடுவாய். தங்கச்சி சமையல்கட்டில் பிரியாணிக்கு தம் போட்டுக்கொண்டிருப்பாள். கூடத்தில் நானும் தொட்டியும் மட்டும். நான் நாற்காலியில் உட்கார்ந்ததும் இரண்டும் ஓடி வரும். ஆரஞ்சு உடம்பு, வெள்ளைப் பட்டை, இத்தனூண்டு வால். வாயில்லா ஜீவனைப் பட்டினி போட்டுவிட்டு இவன் தொழப் போய்விட்டானே என்று எனக்கு வயிறு எரியும். டப்பாவைத் திறந்து ஒரு கை அள்ளிப் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல் பேப்பரைப் பிரித்துக்கொள்வேன். ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு வெள்ளிக்கிழமை இல்லை மச்சான், நான்கு வருஷம்.

பாசி வர ஆரம்பித்தது. கல்லெல்லாம் பச்சைப் பசேலென்று முடி முளைத்தாற்போல் ஆடியது. நீ பல்பை மாற்றினாய். விளக்கு எரியும் நேரத்தைக் குறைத்தாய். பாசி தின்னும் நத்தைகளைத் தேடிப் பிடித்து விட்டாய். சனிக்கிழமை தோறும் பழைய டூத்பிரஷ்ஷை வைத்துக்கொண்டு முழங்கைவரை தண்ணீரில் விட்டுத் தேய்த்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வாய்.

"ஒழுங்காத்தான வெச்சிகீறேன், எங்கேர்ந்துடா வருது இந்தச் சனியன்?"

"கடல வூட்டுக்குள்ள கொண்டாந்தா பாசி வராம பாயசமா வரும்?" என்று கேட்டேன் நான். எவ்வளவு திண்ணக்கம் பார்! கொஞ்ச நாளில் நீ கேட்பதை நிறுத்திவிட்டாய். தேய்ப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

தங்கச்சியிடமிருந்து தொட்டியை நான் கொண்டுவந்த அன்று அதில் ஒரு துளி பாசி இல்லை. நான்கு மாதமாக நான் அந்த வீட்டுக்குள் காலடி வைக்கவில்லை, அதனால்தான் என்று இந்த மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

என் வீட்டுக்கு வந்ததும் நான் சட்டமெல்லாம் பார்க்கவில்லை. காலையில் ஒரு கை, மதியம் ஒரு கை, சாயங்காலம் ஒரு கை. பாசத்தால் போட்டேன் என்று சொன்னால் பொய். நான் நாற்காலியை விட்டு எழுந்தால் அவை ஓடி வரும். இந்த வீட்டில் எனக்காக வேறு யார் வருகிறார்கள்? மகன் நாவலூரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "சாப்ட்டியாப்பா" என்று கேட்பான், சாப்பிட்டேன் என்பேன், முடிந்தது. தீனி போட்டால்தான் அவை கொஞ்ச நேரம் கண்ணாடியருகில் நிற்கும். அதற்காகப் போட்டேன்.

மூன்று மாதத்தில் கல்லே தெரியவில்லை. தண்ணீர் நாற ஆரம்பித்தது. ஒரு காலையில் இரண்டில் ஒன்று பாசிக்குள் சிக்கிச் செத்துக் கிடந்தது. முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்தால், மற்றது தனியாகக் கண்ணாடி ஓரத்தில் நிற்கிறது. இதுவும் போய்விட்டால் உன்னுடையது என்று என்னிடம் உயிரோடு எதுவும் இருக்காது.

அன்றே செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினேன். வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரர் என் போனில் படத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி போட்றீங்க?" சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். "நீங்க மீனுக்கா போட்டுகினு கீறீங்க? பாசிக்குப் போட்டுகினு கீறீங்க பெரியவரே. மிஞ்சினது அழுகி, அதுக்குத்தான் எருவாவுது. வாரத்துல ஒரு நாளு சுத்தமா நிறுத்தணும்."

மச்சான், நான் விவசாயி மகன். எரு போட்டால் முளைக்கும் என்று யாராவது எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? கடை வாசலிலேயே நின்றுவிட்டேன். உன் சனிக்கிழமைகள் அத்தனையும், உன் இடுப்புவலி அத்தனையும் என் கையிலிருந்து விழுந்தவை.

நேராகத் தங்கச்சியைப் பார்க்கப் போனேன். டீயைக் கையில் வாங்கிக்கொண்டு, குடிக்காமலே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"அவங்களுக்குத் தெரியுமே அண்ணே" என்றாள். "வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழம டப்பா கொறையுதுன்னு எப்பவோ கண்டுபுடிச்சிட்டாங்க. 'அண்ணன்கிட்ட சொல்லிடுங்களேன், இன்னாத்துக்கு இடுப்ப ஒடிச்சிக்கிறீங்க'ன்னு நான்கூட கேட்டேன். 'வாணாம், சொன்னா வெக்கப்பட்டுகினு வர்றதையே நிறுத்திடுவான். வேற எங்க போவான்? பாசிதான, நான் தேச்சிக்கிறேன்'னாங்க."

அடப்பாவி! தெரிந்துகொண்டேவா என் எதிரில் உட்கார்ந்து பிரியாணி பரிமாறினாய்? பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு புதுப்பட்டினம் வரும்வரை அழுதேன். பக்கத்து சீட்டுக்காரர் பையை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டார்.

இரண்டு மாதம் ஆயிற்று. இப்போது நாளுக்கு ஒரு சிட்டிகைதான். விளக்கு ஆறு மணி நேரம். உன் டூத்பிரஷ்ஷே இருக்கிறது, மயிர் தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. சனிக்கிழமை தேய்த்து, கிளம்பும் பாசியைக் குழாய் வைத்து வாளிக்கு இழுத்து, குறைந்த அளவுக்குப் புதுக் கடல்தண்ணீர் விடுகிறேன். இன்றைக்கு ஒரு கல் முழுசாகத் தெரிந்தது. மீன் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறது. பிழைத்துக்கொண்டது மச்சான்.

நேற்று வெள்ளிக்கிழமை. பாங்கு சொன்னதும் அது கண்ணாடியருகில் வந்து நின்றது. நான் இரண்டு கையையும் அக்குளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போடவில்லை. உன் சட்டத்தைக் காப்பாற்றிவிட்டேன். ஆனால் அந்த ஒரு மணி நேரம் போவதற்குள் உயிர் போய்விட்டது.

தீனி டப்பாவை மட்டும் நான் எடுத்து உள்ளே வைக்கவில்லை. நீ வைத்திருந்த மாதிரியே, தொட்டி மேல், கைக்கு எட்டுகிற இடத்தில்தான் வைத்திருக்கிறேன். வாசல் கதவையும் வெள்ளிக்கிழமை மதியம் தாழ்ப்பாள் போடுவதில்லை. யாராவது வந்து உட்கார்ந்து, எனக்குத் தெரியாமல் ஒரு கை அள்ளிப் போட்டுவிட்டுப் போகட்டும். நான் கேட்க மாட்டேன். பாசிதானே, சனிக்கிழமை தேய்த்துக்கொள்கிறேன்.